ஏற்காட்டு ஈரம், பூஞ்சை பிடிக்கும் பியானோ இசைத்தாள்கள்: உதவி தேவை

வணக்கம். ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கம் குடியிருக்கிறோம். பதினொரு வருடமாகச் சேர்த்த பியானோ இசைத்தாள் புத்தகங்கள் அறுபதுக்கும் மேல் இருக்கின்றன. இசையமைப்பாளர் பாக்கின் 48 பிரிலூட், ஃபியூக் இசைத்துண்டுகள் அடங்கிய இரண்டு பாகங்கள், பீத்தோவனின் 32 சொனாட்டாக்கள், ஷோபானின் நாக்டர்ன்கள். பாதி, பழைய புத்தகக் கடையில் தேடி வாங்கியவை. மீதி, காப்புரிமைக் காலம் முடிந்த பதிப்புகளைச் சேலத்தில் லேசர் பிரிண்ட் போட்டுத் தைத்தவை.

போன ஐப்பசி மழையிலிருந்து பழைய புத்தகங்களில் மட்டும் பழுப்புப் புள்ளிகள் வருகின்றன, முகர்ந்தால் பூஞ்சை வாடை. இசைத்தாளில் புள்ளி சின்ன விஷயம் இல்லை. சுரத்தின் தலைக்கு மேல் இருந்தால் அந்தச் சுரத்தை நீட்டாமல் சட்டென்று வெட்டி வாசிக்க வேண்டும், வலப்பக்கம் இருந்தால் அதன் நீளம் பாதி கூடும். போன வாரம் என் மகள் ஒரு கறையை அப்படியே வாசித்துவிட்டாள். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

வெயிலில் காயவைத்தேன், தாள் வளைந்து ஓரம் நொறுங்குகிறது. அந்துருண்டை பூச்சியைத்தான் விரட்டியது. அப்புறம் இரும்பு பீரோவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் கால் கிலோ வைத்தேன், இரண்டே வாரத்தில் ஈரம் நிரம்பி, நீலம் மாறி வெளிர் சிவப்பாகிவிட்டது. உள்ளே வைத்த ஈரமானி 78 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே இல்லை.

மலையில் புத்தகம் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: மழை மாதங்களில் பீரோவுக்குள் ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே எப்படி நிறுத்துகிறீர்கள்?