கடலூரில் ஒரு நெட் ஏஜென்சி விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

மஞ்சக்குப்பத்தான்:

கேபிள் டிவி காலத்திலிருந்து லைன் நடத்துகிற அண்ணன் ஒருவர், புதுப்பாளையம், செம்மண்டலம் பக்கம் ஃபைபர் இழுத்து வைத்திருக்கிறார். ஆள் ஓய்ந்துவிட்டார். "தம்பி, நீயே எடுத்துக்கோ, என் பையனுக்கு இதுல இஷ்டம் இல்ல" என்று கூப்பிட்டுச் சொன்னார்.

லைசன்ஸ் யார் பேரில் என்று கேட்டேன். அவர் பேரில் இல்லை. மேலே ஒரு ஐஎஸ்பி (லைசன்ஸ் வைத்து நெட் தரும் கம்பெனி) இருக்கிறது, இவர் ஃபிரான்சைஸ், பில் அவர்கள் சாஃப்ட்வேரில் போகிறது, வசூலில் இவருக்குப் பங்கு. அப்படியென்றால் வாடிக்கையாளர் பேப்பரில் அந்தக் கம்பெனியுடையவர். நான் காசு கொடுத்து வாங்குவது கம்பியும் பெட்டியும், தெருவில் இவருக்கு இருக்கும் பெயரும்தான். மேலே இருக்கிறவன் எனக்கு அதே பங்கைத் தருவான் என்று எழுத்தில் வாங்காமல் அட்வான்ஸ் கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

கனெக்‌ஷன் எண்ணிக்கைக்கு அவர் ஒரு நோட்டைக் காட்டினார். அதை மூடி வைத்துவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு, எல்லார் வீட்டிலும் நெட் ஓடும் நேரத்தில், ஓஎல்டியை (எல்லா வீட்டு ஃபைபரும் வந்து சேரும் மெயின் பெட்டி) திறந்து எத்தனை ஓஎன்யூ (வீட்டில் இருக்கும் ஃபைபர் பெட்டி) ஆன்லைனில் இருக்கிறது என்று பார்த்தோம். நோட்டில் இருந்ததில் பாதியைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான். அப்படியே ஒவ்வொன்றின் ஆப்டிக்கல் பவரையும், அதாவது வீட்டுக்கு வந்து சேரும் ஒளியின் பலத்தை, டிபிஎம் கணக்கில் பார்த்தேன். மைனஸ் 27க்குக் கீழே போனால் லைன் நிற்காது, விட்டு விட்டு வரும். ஒரு தெரு முழுக்க மைனஸ் 26, மைனஸ் 27 என்றுதான் இருந்தது. அறுந்த இடத்திலெல்லாம் ஜாயின்ட் மேல் ஜாயின்ட் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். அந்தத் தெருவுக்குப் புதுக் கேபிள் இழுக்கும் செலவு என் தலையில்தான்.

இதையெல்லாம் பேரம் பேசிக் குறைத்துக்கொள்ளலாம். என்னை நிறுத்தியது வேறு. பணமுடை வந்ததும் அண்ணன் வருஷ பிளான் என்று ஒன்று போட்டு, ஆஃபர் கொடுத்து, பன்னிரண்டு மாதப் பணத்தை ரொக்கமாக மொத்தமாக வாங்கியிருக்கிறார். ஆனால் கம்பெனியில் ரினியூ செய்வது மாதாமாதம், அவர் முன்பணம் போட்டு வைக்கும் வாலெட்டிலிருந்து. வாங்கிய பணம் எப்போதோ செலவாகிவிட்டது, சர்வீஸ் மட்டும் பாக்கி நிற்கிறது. நான் எடுத்தால் மறு மாதத்திலிருந்து ஒரு பைசா வராத வீடுகளுக்கு நான் ரினியூ போட வேண்டும், மாட்டேன் என்றால் தெருவில் கெட்ட பெயர் எனக்குத்தான். நோட்டில் இது எங்குமே இல்லை, வசூல் பையன் வாய்தவறிச் சொன்னதால் தெரிந்தது.

ஓல்டுடவுன் ஆபரேட்டர்:

தம்பி, கம்பத்தைப் பற்றிக் கேட்டாயா? 2011 டிசம்பர் 30 தானே புயலில் நம்ம ஊரில் கம்பம் மொத்தமும் சாய்ந்தது. அப்போது எங்களிடம் கோஆக்சியல் (பழைய கேபிள் டிவி கம்பி)தான், எல்லாமே போச்சு. அதற்கப்புறம் உலக வங்கிக் கடனில் நகரத்துக்குள் மின் கம்பியைப் பூமிக்கடியில் கொண்டுபோகும் வேலை வந்தது. உன் ஃபைபர் இன்றைக்குத் தொங்கும் கம்பம் நாளைக்கும் இருக்குமா, வாடகை கட்டிய ரசீது இருக்கிறதா என்று பார். ரசீது இல்லாவிட்டால் எந்த நாளும் வெட்டிப் போடுவார்கள், கேட்க நாதி கிடையாது.

அரியாங்குப்பம்:

நான் இங்கே ஒரு நொடித்த லைனை வாங்கி ஓட்டுகிறேன், அதனால் சொல்கிறேன். 2019இல் ஜியோ ஃபைபர் வந்தபோது விலையைக் காட்டிப் போனவர்களில் கொஞ்சம் பேர் திரும்பி வந்தார்கள், காரணம் லைன்மேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையேறி ஊரே தண்ணீரில் நின்றபோது எங்கள் பையன்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கம்பத்திலிருந்து வீட்டுக்குப் போகும் டிராப் கேபிளை மாற்றினார்கள். அந்த மாதம் யாரும் பில் கட்டத் தகராறு செய்யவில்லை. பழைய லைன்மேன்களுக்குச் சம்பள பாக்கி இருக்கிறதா என்று தனியாக டீக்கடையில் உட்கார்ந்து கேளுங்கள் சார். எந்த ஜாயின்ட் எந்த மாடியில் இருக்கிறது என்பது அவர்கள் மண்டையில் மட்டும்தான் இருக்கும், மேப் எல்லாம் யாரும் போடுவதில்லை. 18 சதவீத ஜிஎஸ்டி பாக்கி யார் பொறுப்பு என்பதையும் அக்ரிமென்டில் எழுதிவிடுங்கள்.

மஞ்சக்குப்பத்தான்:

கேட்டேன் சார், இரண்டு லைன்மேன்களுக்கும் பாக்கி இருக்கிறது. அண்ணனிடம் இப்போது வேறு மாதிரி பேசியிருக்கிறேன். மொத்த விலை கிடையாது. கம்பிக்கும் ஓஎல்டிக்கும் மட்டும் இப்போது பணம், அதில் லைன்மேன் பாக்கியை நானே நேராக அவர்கள் கையில் கொடுத்துவிடுவேன். கனெக்‌ஷனுக்கு, மூன்று மாதம் கழித்துப் பில் கட்டிக்கொண்டு ஆன்லைனில் இருக்கும் வீட்டுக்கு மட்டும் தலைக்கு இவ்வளவு. வருஷ பிளான் வீடுகளுக்கு மீதி மாதக் காசை அவர் எனக்கு விலையில் கழித்துக் கொடுக்க வேண்டும். கோபம் வந்துவிட்டது அவருக்கு, "என்னையே சந்தேகப்படுறியா" என்றார். அப்புறம் மச்சானிடம் கலந்துகொண்டு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். கம்ப வாடகை ரசீதையும் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.