உதவி: 13பி ரோட்டரி எஞ்சின், ரிடக்‌ஷன் கியர் 2500 ஆர்பிஎம்மில் கடகடன்னு அடிக்குது

சுங்கான்கடை_பறவை (ஞாயிறு, காலை 7.10)
அவசரம். விமானத்துக்குன்னு எடுத்த மாஸ்டா கார் எஞ்சினை டிரெய்லர் ஸ்டாண்டுல கட்டி ஓட்டிப் பாத்துட்டு இருக்கேன். ரிடக்‌ஷன் கியர் (எஞ்சின் வேகத்தைக் குறைச்சு புரொப்பெல்லருக்குக் கொடுக்குற பல்சக்கரப் பெட்டி) உள்ள இருந்து கல்லு உருளுற மாதிரி சத்தம். 2400 தொடங்கி 2700 வரைக்கும் மோசம், 3000 தாண்டினா நின்னுருது. கியரைத் திறந்து பாத்தேன், பல்லு எல்லாம் நல்லா இருக்கு. போன மாசம் இந்தச் சத்தம் இல்ல. என்ன மாத்தணும்? அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிக்கணும்.

முப்பந்தல்_காற்றாலை (7.42)
எங்க வச்சு ஓட்டுறீங்க? ஆரல்வாய்மொழிப் பக்கம்னா ஆனி ஆடிக் காத்துல ஸ்டாண்டை மேற்கு முகமா திருப்பி வைங்க. பக்கவாட்டுக் காத்து புரொப்பெல்லர்ல அடிச்சா, ஒவ்வொரு இறக்கையும் ஒரு சுத்துல ஒரு தடவை கூடுதலா ஏந்தும், ஒரு தடவை குறைவா ஏந்தும். அந்த ஆட்டம் நேரா கியரைத் தாங்குற கேரியருக்குப் போகும். கிளானெட்டரியா, ஸ்பர் கியரா? ரேஷியோ (எஞ்சின் எத்தனை சுத்துக்கு புரொப்பெல்லர் ஒரு சுத்து) என்ன?

முப்பந்தல்_காற்றாலை (7.43)
பிளானெட்டரி (நடுப் பல்சக்கரத்தைச் சுத்தி சின்னப் பல்சக்கரங்கள் இருக்குறது). தட்டச்சுப் பிழை.

குளச்சல்_போட்டு (8.05)
ஆயில் எது ஊத்தினீங்க, எவ்வளவு? போட்டு கியர்ல இந்த மாதிரிச் சத்தம் வந்தா பத்துல எட்டு ஆயில் குறைஞ்சதாக்கும். எஞ்சின் ஆயிலே உள்ள வந்து வடிஞ்சு திரும்பிப் போற மாதிரியா, தனித் தொட்டியா? திரும்புற குழாய் சின்னதா இருந்தா உள்ள ஆயில் தேங்கி நுரைக்கும். நுரைச்ச ஆயில் பல்லுக்கு நடுவுல நிக்காது. முதல்ல வடிகால் போல்ட்டைக் கழட்டி, காந்தத்துல என்ன ஒட்டியிருக்குன்னு பாருங்க. கூழ் மாதிரி மை இருந்தா பேரிங்கும் பல்லும் தேஞ்ச சாதாரணத் தேய்மானம். செதில் செதிலா இருந்தா நிறுத்திருங்க.

ரோட்டார்_13பி (8.31)
இந்த இழைக்கு வர்ற ஒவ்வொருத்தரும் இதே தப்பைத்தான் செய்றாங்க. எஞ்சின் எது, ரேஷியோ என்ன, புரொப்பெல்லர் எத்தனை இன்ச்சு, எத்தனை இறக்கை, எடை எவ்வளவு, கார்ல இருந்தப்போ மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, ஃபிளைவீல் எது, கப்ளிங் எது, ஐடில் (பாரம் இல்லாம சும்மா ஓடுற வேகம்) எத்தனை. இத்தனையும் இல்லாம "என்ன மாத்தணும்"னு கேட்டா யாரு பதில் சொல்ல முடியும்? இதுக்கு முன்னாடி இருபது தடவை எழுதியிருக்கேன். மேல தேடிப் படிச்சிட்டு வாங்க.

பெல்ட்_நண்பன் (8.50)
கியரைத் தூக்கிப் போட்டுட்டு 80 மில்லிமீட்டர் அகலப் பல்லு பெல்ட்டு போடுங்க. சத்தமும் இல்ல, ஆயிலும் வேண்டாம். ரேஷியோ 2 இருந்தா போதும்.

புதுசு_மக்கா (9.02)
ரோட்டரின்னா எஞ்சினே புரொப்பெல்லரோட சேர்ந்து சுத்துமே, அதுக்கு எதுக்கு கியர்? விளக்கெண்ணெய் தானே ஊத்துவாங்க?

ரோட்டார்_13பி (9.10)
அது முதல் உலகப் போர் காலத்து நோம் எஞ்சின். சிலிண்டர் எல்லாம் கிராங்க் ஷாஃப்ட்டைச் சுத்தும், ஆமணக்கெண்ணெய் ஊத்துவாங்க. இது வாங்கெல் ரோட்டரி. முக்கோண ரோட்டர், நடுவுல எசென்ட்ரிக் ஷாஃப்ட். ரோட்டர் ஒரு சுத்து சுத்தினா ஷாஃப்ட் மூணு சுத்து சுத்தும். பவர் நல்லா வர்றது 6000க்கு மேல, அந்த வேகத்தை எந்த புரொப்பெல்லரும் தாங்காது. கியர் அதுக்குத்தான்.

சுங்கான்கடை_பறவை (மதியம் 1.15)
மன்னிக்கணும் அண்ணாச்சி, எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன். ஆர்எக்ஸ்-8 கார் எஞ்சின், மேனுவல். பிளானெட்டரி, ரேஷியோ 2.85. மர புரொப்பெல்லர், ரெண்டு இறக்கை, 68 இன்ச்சு, எடை 5 கிலோ. ஃபிளைவீல் பழசு, அதைத் தொடல. ஐடில் 1400. ஆயில் எஞ்சின்ல இருந்துதான் வருது, காந்தத்துல மை மட்டும்தான். ஓட்டுற இடம் சுங்கான்கடைப் பக்கம், காத்து பெருசா இல்ல. ஆங், போன மாசம் டேம்பர் புஷ் (ஃபிளைவீலுக்கும் கியருக்கும் நடுவுல அதிர்வை ஏந்துற ரப்பர் துண்டு) ஆறும் வெடிச்சுப் போச்சு, மார்த்தாண்டத்துல ஒரு லேத்துல பாலியூரித்தேன் கம்பில இருந்து கடைஞ்சு போட்டேன். அது பழசை விட ஸ்ட்ராங்.

முப்பந்தல்_காற்றாலை (1.22)
கடைசி ரெண்டு வரியைத்தான் மொதல்ல எழுதியிருக்கணும்.

ரோட்டார்_13பி (1.40)
இதான் விஷயம். அந்த புஷ் ஸ்ட்ராங்கா இருக்கக் கூடாது, மெத்துன்னு இருக்கணும். அதுக்குத்தான் அங்க ரப்பர் வச்சிருக்கு.

புரியுற மாதிரி சொல்றேன். 13பியில ரெண்டு ரோட்டர். ஒவ்வொண்ணும் ஷாஃப்ட்டோட ஒரு சுத்துக்கு ஒரு தடவை உதைக்கும். ரெண்டும் 180 டிகிரி மாறி நிக்கிறதால ஒரு சுத்துக்கு ரெண்டு உதை. 2600 ஆர்பிஎம்னா வினாடிக்கு 86 உதை. இந்தப் பக்கம் ஃபிளைவீல், அந்தப் பக்கம் புரொப்பெல்லர், நடுவுல புஷ். ரெண்டு கனமான சக்கரத்துக்கு நடுவுல ஒரு ஸ்பிரிங் மாதிரி. அந்த ஸ்பிரிங்குக்கு சொந்தமா ஒரு ஆட்டம் இருக்கு. எஞ்சின் உதையும் அந்த ஆட்டமும் ஒண்ணு சேர்ந்தா, முறுக்கு முன்னும் பின்னும் திரும்பும். பல்லு ஒரு பக்கம் தட்டி மறுபக்கம் தட்டும். நீங்க கேட்ட கல்லு உருளுற சத்தம் அதுதான். பல்லு இப்ப நல்லா இருக்கும், அம்பது மணி நேரம் கழிச்சு இருக்காது.

புஷ் நாலு மடங்கு விறைப்பானா ஆட்டத்தோட வேகம் ரெண்டு மடங்காகும். பழைய ரப்பர்ல அது ஐடிலுக்குக் கீழ எங்கேயோ இருந்திருக்கும், அதனால சத்தம் கேக்கல. இப்ப மேல ஏறி வந்துருச்சு.

ரெண்டு அளவு எடுத்துட்டு வாங்க. ஒண்ணு, புரொப்பெல்லரோட நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுத்துற வேகம் மாறுறதை அது எவ்வளவு எதிர்க்குதுங்கிறது. ஹப்புல 30 சென்டிமீட்டர் இடைவெளியில ரெண்டு கயிறு கட்டி, 2 மீட்டர் நீளத்துல படுக்கையா தொங்கவிட்டு, லேசா முறுக்கி விடுங்க. பத்து ஆட்டத்துக்கு எத்தனை வினாடின்னு பாருங்க. கொஞ்சமா முறுக்கணும், 10 டிகிரிக்கு மேல வேண்டாம். காத்து இல்லாத அறைக்குள்ள செய்யணும். ரெண்டாவது, கியர்பாக்ஸைக் கழட்டிட்டு ஃபிளைவீல் திரும்பாம பூட்டி, டேம்பர் பிளேட்டுல 1 மீட்டர் கம்பி போல்ட்டு பண்ணி நுனியில 20 கிலோ தொங்கவிடுங்க. நுனி எத்தனை மில்லிமீட்டர் இறங்குதுன்னு அளங்க.

குளச்சல்_போட்டு (2.05)
கனமான ஃபிளைவீல் போட்டா இந்த ஆட்டம் அடங்குமே. போட்டுல அப்பிடித்தான் செய்வோம்.

ரோட்டார்_13பி (2.20)
உதையோட வலு குறையும், ஆனா ஆட்டம் வர்ற இடம் பெருசா நகராது. அடங்குறது வேற, நகர்றது வேற. புரொப்பெல்லரோட திருப்புத்திறனை எஞ்சின் பக்கத்துக்குக் கொண்டு வரும்போது ரேஷியோவோட வர்க்கத்தால வகுக்கணும். 2.85 ரேஷியோன்னா எட்டால வகுக்கணும். அதனால எஞ்சின் பார்வையில புரொப்பெல்லர்தான் இலேசான சக்கரம். இலேசான பக்கம்தான் ஆட்டத்தோட வேகத்தை முடிவு பண்ணும். கனமான பக்கத்துல இன்னும் கனம் சேர்த்தா நூத்துக்கு ஆறோ ஏழோதான் இறங்கும். அது மட்டுமில்ல, மேனுவல் ஃபிளைவீல்ல எதிர் எடை அதோட சேர்ந்தே இருக்கு. அதை மாத்தினா எதிர் எடை தனியா வைக்கணும், இந்த எஞ்சின் ரோட்டருக்குப் பொருந்தினதா இருக்கணும். இல்லன்னா இன்னொரு புது ஆட்டம் வரும்.

பெல்ட்_நண்பன் (2.44)
இவ்வளவு கணக்கும் பெல்ட்டு போட்டா வேண்டாமே.

முப்பந்தல்_காற்றாலை (3.01)
பெல்ட்டுலயும் இதே கணக்குதான் அண்ணே. பல்லு பெல்ட்டு நீளவாக்குல ரொம்ப விறைப்பு, முறுக்கு ஆட்டத்தை அது உறிஞ்சாது. அதோட, பெல்ட்டு இழுக்குற இழுவை எசென்ட்ரிக் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டுல வளைக்கும். புல்லிக்கு வெளிப்பக்கம் தனி பேரிங் வச்சுத் தாங்கணும். பிளானெட்டரில பக்கவாட்டு இழுவையே இல்ல, சுத்தி நிக்கிற சின்னப் பல்சக்கரம் எல்லாம் ஒண்ணையொண்ணு சரிக்கட்டும்.

பெல்ட்_நண்பன் (3.15)
வெளிப் பேரிங் வைக்கத் தெரியாதவங்க செய்ய வேண்டாம். கியர் உடைஞ்சா இரும்புத் துண்டு பறக்கும், பெல்ட்டு அறுந்தா அறுந்தது அவ்வளவுதான்.

முப்பந்தல்_காற்றாலை (3.33)
அறுந்தா எஞ்சின் பாரம் இல்லாம ஒரே மூச்சுல ஏறிரும், அதையும் சொல்லணும். ரேஷியோ 2 போதும்னு சொன்னீங்க, அதையும் பாருங்க. எஞ்சின் 6500ல, 68 இன்ச்சு புரொப்பெல்லர் 3250ல சுத்தும். நுனி வேகம் வினாடிக்கு 294 மீட்டர். நம்ம ஊரு 30 டிகிரி வெயில்ல ஒலி வேகம் சுமார் 349. நூத்துக்கு 84 பங்கு. மர இறக்கை நுனி தடிப்பா இருக்கும், அந்த வேகத்துல அலறும், இழுவையும் போகும். 2.85ன்னா 2280 ஆர்பிஎம், நுனி வேகம் 206 மீட்டர். பெரிய புரொப்பெல்லரை மெதுவா சுத்தினாத்தான் மெதுவா பறக்குற விமானத்துக்கு இழுவை கிடைக்கும்.

பெல்ட்_நண்பன் (3.50)
60 இன்ச்சு போடு, நுனி வேகம் குறையும்.

முப்பந்தல்_காற்றாலை (3.58)
இழுவையும் குறையும்.

ரோட்டார்_13பி (4.10)
இந்த வாக்குவாதத்தை வேற இழையில வைங்க. கேட்டவருக்கு இப்ப வேண்டியது புஷ்.

குலசேகரம்_ரப்பர் (இரவு 9.20)
ரப்பர் வார்க்கிற பட்டறையில இருக்கேன், புஷ் விஷயம் மட்டும் சொல்றேன். பாலியூரித்தேன் கம்பி 90 ஷோர் ஏ (ரப்பர் கடினத்தோட அளவு) தான் பெரும்பாலும் கிடைக்கும், ரொம்பக் கடினம். உங்களுக்கு 55 முதல் 60 வேணும். நம்ம மாவட்டத்துப் பால்ல இருந்து செஞ்ச இயற்கை ரப்பர், திரும்பத் திரும்ப முறுக்குறதைத் தாங்குறதுல நல்லா நிக்கும். ஆனா எண்ணெய் பட்டா ஊதிப் போகும். பழைய புஷ் வெடிச்சது எண்ணெயாலயா சூட்டாலயா? வெடிச்ச புஷ்ஷை நகத்தால கீறிப் பாருங்க. கொழகொழன்னு ஊதியிருந்தா எண்ணெய், கருவாடு மாதிரி காஞ்சு விரிசல் விட்டிருந்தா சூடு. ரோட்டரி எக்ஸாஸ்ட் பக்கத்துல தகிக்கும், தகரத்துல ஒரு மறைப்பு அடிங்க. எண்ணெய் வர்ற இடம்னா நைட்ரைல் ரப்பர்தான் எடுக்கணும். அச்சுல வார்க்கும்போது உள்ள இரும்பு ஸ்லீவ் இருந்தா மணல் வீச்சு அடிச்சு, பிரைமர் பூசித்தான் வார்க்கணும். சும்மா ஒட்டினா ஒரே நாள்ல பிரிஞ்சிரும்.

குளச்சல்_போட்டு (9.45)
ஸ்ப்லைன்ல (ஷாஃப்ட்டுல கோர்க்குற நீளவாக்குப் பல்லு) செம்மண் மாதிரி பொடி இருக்கான்னு பாருங்க. உப்புக்காத்துத் துருவா இருக்கலாம்.

ரோட்டார்_13பி (10.02)
துருன்னா எல்லா இடத்துலயும் பரவியிருக்கும். தொடுற முகத்துல மட்டும் காவிப் பொடி, மாவு மாதிரி மென்மையா இருந்தா அது உரசல் தேய்மானம். அந்த நடுக்கத்தோட கையெழுத்து. துடைச்சா போகாது, நடுக்கம் நின்னாத்தான் நிக்கும். மாட்டும்போது மாலிப்டினம் பேஸ்ட் தடவுங்க, பல்லுக்குப் பல்லு ஆட்டம் இருந்தா ஷாஃப்ட்டை மாத்துங்க.

சுங்கான்கடை_பறவை (திங்கள், மாலை 6.30)
அளந்தேன். பத்து ஆட்டம் 60 வினாடி. 20 கிலோ தொங்கவிட்டா 16 மில்லிமீட்டர் இறங்குது. ஸ்ப்லைன்ல காவிப் பொடி இருக்கு, தொடுற இடத்துல மட்டும். பழைய புஷ் கொழகொழன்னு இருக்கு.

ரோட்டார்_13பி (7.15)
அப்பிடியே வருது. ஒரு ஆட்டம் 6 வினாடின்னா புரொப்பெல்லரோட திருப்புத்திறன் 0.5 கிலோகிராம்-மீட்டர் வர்க்கம், எஞ்சின் பக்கத்துல 0.062. ஃபிளைவீலும் ஷாஃப்ட்டும் சேர்ந்து 0.12ன்னு வச்சுக்கிறேன். 16 மில்லிமீட்டர்னா விறைப்பு ரேடியனுக்கு 12,000 நியூட்டன் மீட்டர் பக்கம். ஆட்டம் வினாடிக்கு 86. ரெண்டு உதைக்கு வகுத்தா 2590 ஆர்பிஎம். நீங்க சொன்ன 2400-2700 நடுவுல சரியா விழுது.

இப்ப இன்னொண்ணு. ஒரு ரோட்டர் மட்டும் சரியா எரியலன்னா ஒரு சுத்துக்கு ஒரு உதைதான் மிச்சமாகும். அது இதே ஆட்டத்தை 5200 பக்கத்துல மறுபடி எழுப்பும். அங்க ஏதும் உறுமுதா? உறுமினா பிளக்கும் காயிலும் பாருங்க, குறிப்பா லீடிங் பக்கம் (ஒரு ரோட்டருக்கு ரெண்டு பிளக்கு, அதுல முதல்ல பொறி விடுறது).

புதுப் புஷ் 20 கிலோவுக்கு 60 முதல் 65 மில்லிமீட்டர் இறங்குற மாதிரி வேணும். அப்ப ஆட்டம் 1285-1340க்கு வந்துரும். ஓடும்போது ரப்பர் கொஞ்சம் விறைக்கும், 1400ன்னு வைங்க. ஐடிலை அதோட 1.4 மடங்குக்கு மேல வைக்கணும், அதாவது 2000 பக்கம். ஸ்டார்ட் பண்ணும்போதும் நிறுத்தும்போதும் 1400ஐத் தாண்டுற ஒரு வினாடி அடிக்கும், அது பரவாயில்ல. அங்க நிக்க விடாதீங்க. முழு முறுக்குல பிளேட்டு 4 டிகிரி திரும்பும், புஷ் நசுங்கி இரும்பைத் தொடாம இடம் விடணும். தொட்டா மறுபடி விறைப்புதான். இனி எண்ணெய் எங்க இருந்து புஷ்ல படுதுன்னு பாருங்க, ரியர் மெயின் சீலா (எஞ்சின் பின்பக்கத்து எண்ணெய் அடைப்பு) இருந்தா ஃபிளைவீலைக் கழட்டி மாத்தணும். ஃபிளைவீல் நட்டு 54 மில்லிமீட்டர், 400 நியூட்டன் மீட்டருக்கு மேல முறுக்கணும். சாதாரண ஸ்பேனர்ல நடக்காது.

குலசேகரம்_ரப்பர் (7.40)
எண்ணெய்னா நைட்ரைல், 55 ஷோர். ஒரு செட்டு வார்த்துப் பாத்து, அளந்துட்டு, அடுத்த செட்டுல கடினத்தை ஏத்தி இறக்கலாம். வெந்த உடனே அளக்காதீங்க, ஒரு நாள் விட்டு அளங்க.

முப்பந்தல்_காற்றாலை (8.02)
திரும்ப மாட்டும்போது டயல் கேஜ் வச்சு பிளேட்டு நடுவையும் எஞ்சின் ஷாஃப்ட் நடுவையும் பாருங்க. 0.1 மில்லிமீட்டருக்கு மேல விலகினா புது ரப்பரும் நாள் கணக்கில போயிரும். புரொப்பெல்லர் சுத்துற தளத்துக்கு நேரா யாரும் நிக்க வேண்டாம்.

சுங்கான்கடை_பறவை (ஒன்பது நாள் கழிச்சு, இரவு 10.50)
நைட்ரைல் புஷ் போட்டேன். 61 மில்லிமீட்டர். 1400ல ஒரு தட்டு தட்டிட்டுப் போயிருது, 2500ல சத்தம் இல்ல. ரியர் சீல் மாத்தியாச்சு. 5200ல லேசா உறுமல் இருந்துது, பின் ரோட்டர் லீடிங் காயில் செத்துட்டு இருந்துது, மாத்தினேன். ஐடில் 2000.

பெல்ட்_நண்பன் (11.05)
ஸ்ப்லைனை என்ன செஞ்சீங்க?