மறுமொழி: பெண் சொல்லும் கிரேக்கத் தொன்மக் கதைகள் – என்ன பெயர் வைக்கலாம்?

ஐயா, வணக்கம். பழைய கிரேக்கக் கதைகளைப் பெண் பாத்திரத்தின் வாயால் திரும்பச் சொல்லும் நாவல்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில், உங்கள் கேள்விகளை மேலே வைத்து என் பதிலைக் கீழே எழுதுகிறேன்.

> ரீடெல்லிங் என்பதற்கு 'மறுபுனைவு' போதுமே. புதுச்சொல் எதற்கு?

போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. புனைவு என்றால் கதையையே மாற்றிவிட்டார்கள் என்று ஆகிவிடும். இங்கே பெரும்பாலும் நடந்தது நடந்தபடியேதான் இருக்கிறது. ஹோமரின் ஒடிசி காப்பியத்தில் நாயகன் ஒடிசியஸ் போர் முடிந்து வீடு திரும்பியதும் பன்னிரண்டு பணிப்பெண்களைத் தூக்கிலிடுகிறார்கள். அவன் மனைவி பெனலோப்பி கதை சொல்வதாக மார்கரெட் அட்வுட் 2005-இல் எழுதிய 'பெனலோப்பியாட்' நாவலிலும் அவர்கள் தப்பவில்லை. சொல்கிற வாய்தான் வேறு.

டிராய்ப் போரில் சிறைபிடிக்கப்பட்ட பிரிசேயிஸைப் பாருங்கள். கிரேக்க வீரன் அக்கிலீஸும் படைத்தலைவன் அகமெம்னனும் முட்டிக்கொள்வதே அவளை வைத்துத்தான். ஆனால் அந்தப் போரைப் பாடும் ஹோமரின் இலியட்டின் 24 காண்டங்களில் அவள் வாய் திறப்பது ஒரே ஒரு முறை, 19-ஆம் காண்டத்தில், அக்கிலீஸின் தோழன் பட்ரோக்லஸின் உடல்மேல் விழுந்து அழும்போது. தன் கணவனும் உடன்பிறந்தவர் மூவரும் வெட்டுண்டதை அந்த ஒப்பாரியில்தான் சொல்கிறாள். பாட் பார்க்கரின் 2018 நாவலில் பெரும்பகுதி அவள் பேச்சுதான். (இரண்டும் பெரியவர்களுக்கான நாவல்கள். இளையோர் அலமாரியிலும் இதே உத்திதான்.)

இதற்கு நம்மிடமே சொல் இருக்கிறது: கூற்று. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று குறுந்தொகைப் பாட்டுக்குப் பாட்டு, பேசுவது யார் என்று போட்டிருக்கிறதே, அதேதான். ஆள் மாறினால் பாட்டே மாறிவிடும். ஆகவே பொதுவாக 'மாற்றுக்கூற்று', பெண் சொன்னால் 'பெண்கூற்று'. கூற்று என்றால் எமனும்தானே என்று கேட்பீர்கள். இருக்கட்டும், அட்வுட்டின் பெனலோப்பி செத்துப் பாதாளம் போன பிறகுதான் கதை சொல்கிறாள்!

> யங் அடல்ட் = விடலை இலக்கியம்?

வேண்டாம் ஐயா, விடலை என்றால் பையன்தான் நினைவுக்கு வருகிறான். 'இளையோர்' போதும்.

> ஓவிட் பெனலோப்பி பேரிலும் பிரிசேயிஸ் பேரிலும் கடிதம் எழுதினாரே, அது பெண்கூற்றா?

ஆம். ரோமானியக் கவிஞர் ஓவிட் ஆண்தான், ஆனால் நம் தலைவி கூற்றை ஆண் புலவர்களும் பாடியிருக்கிறார்கள். பேசுகிற பாத்திரம்தான் கணக்கு, எழுதியவர் அல்ல. எனக்கு இடிப்பது வேறு. பார்க்கரின் நாவலில் சில அத்தியாயங்கள் அக்கிலீஸ் பக்கமிருந்து படர்க்கையில் நகர்கின்றன. அப்புறம் முழு நூலையும் பெண்கூற்று என்பது சரியா? இதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.