மொட்டைமாடியில் டவர்: எந்த நிபுணர் சொல்வதை வைத்து முடிவெடுப்பது?

கார்முகில்:
எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் செல்போன் டவர் வைக்கக் கேட்டிருக்கிறார்கள். வாடகை நல்ல தொகை என்பதால் சங்கத்தில் பலரும் சரி என்கிறார்கள். நான் எதிர்க்கிறேன். 2011 மே மாதம் பிரான்சின் லியோன் நகரில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 14 நாடுகளைச் சேர்ந்த 31 விஞ்ஞானிகளைக் கூட்டியது. ரேடியோ அலைகளை அவர்கள் '2பி' பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவற்றில் சேர்த்தார்கள். இதைத் தெரிந்துகொண்டே தலைக்கு மேலே டவரை வைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தூங்கவைக்க எனக்கு மனம் வரவில்லை.

சுடர்மதி:
பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன், இந்தக் கேள்வி வகுப்பில் வராத வருடமே இல்லை. ஒரு பொருள் எவ்வளவு ஆபத்து என்பதை 2பி சொல்லாது. சான்று எவ்வளவு வலுவானது என்பதை மட்டும்தான் சொல்லும். முழுக் கற்றாழை இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. 2011-இல் அந்தக் குழு பெரிதும் நம்பியது 13 நாடுகளில் நடந்த இன்டர்ஃபோன் ஆய்வை. மூளைக் கட்டி வந்தவர்களிடம் "பத்து வருடம் முன்னால் எவ்வளவு நேரம் போனில் பேசினீர்கள்?" என்று கேட்டு எழுதியது அது. நோய் வந்தவர் காரணத்தைத் தேடித்தேடி நினைவுகூர்வார், நலமாக இருப்பவர் யோசிக்காமல் ஒரு பதில் சொல்வார்.

கார்முகில்:
டீச்சர், அதே ஆய்வில் மொத்தம் 1640 மணி நேரத்துக்கு மேல் பேசியவர்களுக்கு கிளையோமா என்ற மூளைக் கட்டி 40 சதவீதம் அதிகம் என்று வந்ததே. பத்து வருடத்துக்குப் பிரித்தால் தினமும் அரை மணி நேரம்கூட இல்லை. இன்று கல்லூரிப் பிள்ளைகள் எவ்வளவு பேசுகிறார்கள்! நினைவுப் பிழை என்று இதைத் தள்ளிவிட்டால், எலிக்கு என்ன நினைவுப் பிழை? அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2018-இல் வெளியிட்ட அறிக்கையில், ஆண் எலிகளின் இதயத்தில் நரம்புறைக் கட்டி வந்ததற்குத் தெளிவான சான்று உண்டு என்றே எழுதியிருக்கிறது. அதே ஆண்டு இத்தாலியின் ராமசினி நிறுவனமும் அதே வகைக் கட்டியைப் பார்த்தது. அவர்கள் கொடுத்தது டவரிலிருந்து வருவது மாதிரியான அலை.

வளவன்:
டவர் ஆன்டெனா வேலையில்தான் இருக்கிறேன், அதையும் கணக்கில் வைத்தே என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஆய்வில் அந்த எலிகளுக்குத் தினமும் 9 மணி நேரம், 2 வருடம், உடல் முழுவதும், உடல் எடையில் கிலோவுக்கு 6 வாட் வரை அலைச் சக்தி ஏறும்படி கொடுத்தார்கள். தாயின் வயிற்றில் இருந்தபோதே ஆரம்பித்துவிட்டார்கள். இந்தியாவில் காதோரம் வைக்கும் போனுக்கே வரம்பு கிலோவுக்கு 1.6 வாட், அதுவும் ஒரு கிராம் திசுவில் அளப்பது. டவரிலிருந்து வீட்டுக்குள் வருவது அதைவிடப் பல மடங்கு குறைவு. அலை படாத ஆண் எலிகளைவிட அலை பட்டவை அதிக நாள் உயிரோடு இருந்தன என்பதும் அதே அறிக்கையில்தான் உள்ளது. அதைச் சொல்லாமல் கட்டியை மட்டும் சொல்வது நியாயம் இல்லை.

டவர் பற்றி மக்கள் நினைப்பதும் பெரும்பாலும் நேர்மாறாக இருக்கிறது. ஆன்டெனா அலையைக் கிடைமட்டமாக, கொஞ்சம் கீழே சாய்த்து வீசும். நேர் கீழே இருக்கும் வீட்டுக்கு மிகக் குறைவாகவே வரும். ஆன்டெனா முகம் பார்க்கும் திசையில், அதே உயரத்தில், பக்கத்தில் இருக்கும் எதிர்வீட்டு மாடியைத்தான் கவனிக்க வேண்டும். டவர் தூரத்தில் இருந்தால் சிக்னல் பலவீனமாகி, உங்கள் போன் தன் முழு சக்தியைக் கூட்டி அலை அனுப்பும். காதோரம் இருப்பது அந்தப் போன்தான்.

தாமரை:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஆய்வெல்லாம் பெரியவர்களை வைத்துத்தானே? என் மகளுக்கு 13 வயது, போனைக் காதிலிருந்து எடுப்பதே இல்லை. பிள்ளைகளை வைத்து யாராவது பார்த்தார்களா?

சுடர்மதி:
பார்த்தார்கள், தாமரை. மோபி-கிட்ஸ் என்று 14 நாடுகளில், 10 முதல் 24 வயது வரை உள்ளவர்களிடம் நடந்த ஆய்வு. மூளைக் கட்டி வந்த சுமார் 900 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். போனால்தான் வந்தது என்று காட்டும் சான்று கிடைக்கவில்லை. பெரியவர்களுக்கு காஸ்மோஸ் ஆய்வு இருக்கிறது. டென்மார்க், பின்லாந்து, சுவீடன், நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல், நோய் வருவதற்கு முன்பே சேர்த்துக்கொண்டு பின்தொடர்ந்தார்கள். நினைவை மட்டும் நம்பாமல் போன் நிறுவனப் பதிவுகளையும் பயன்படுத்தினார்கள். 2024-இல் வந்த முடிவில், அதிகம் பேசியவர்களுக்கு மூளைக் கட்டி கூடவில்லை. மகளுக்கு ஹெட்செட் வாங்கிக் கொடுங்கள், போன் தலையிலிருந்து தள்ளியிருக்கும். அவள் தூக்கம் கெடுவதுதான் எனக்கு இதைவிடப் பெரிய கவலை.

கார்முகில்:
காஸ்மோஸில் பின்தொடர்ந்தது சராசரியாக 7 வருடம்தான், மூளைக் கட்டி வளர அதைவிட அதிக காலம் ஆகலாம். உலக சுகாதார நிறுவனமே கேட்டு வாங்கிய விலங்கு ஆய்வுத் தொகுப்பு 2025-இல் வந்தது. ஆண் எலிகளின் இதயக் கட்டிக்கும் மூளைக் கட்டிக்கும் சான்றின் உறுதி அதிகம் என்கிறது. புற்றுநோய் முகமையின் ஆலோசனைக் குழுவும் ரேடியோ அலைகளின் மறு ஆய்வுக்கு முன்னுரிமை தரச் சொல்லியிருக்கிறது. எல்லாம் தீர்ந்த விஷயம் என்றால் எதற்கு மறு ஆய்வு? பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2007-இல் 59 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தபோது, தொலைத்தொடர்புத் துறை மட்டும் பணம் கொடுத்தவற்றில்தான் பாதிப்பு மிகக் குறைவாகப் பதிவாகியிருந்தது.

சுடர்மதி:
பணம் பற்றிச் சொன்னது சரியான கவலை. மறு ஆய்வு நடக்கட்டும், நானும் அதைத்தான் விரும்புகிறேன். ஆனால் செல்போன் வந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. புற்றுநோயை ஒழுங்காகப் பதிவு செய்யும் வட ஐரோப்பிய நாடுகளில், போன் பரவிய வேகத்துக்கு ஏற்ற மாதிரி மூளைக் கட்டி எண்ணிக்கை ஏறவில்லை. எலியில் கண்டது மனிதரிடமும் அப்படியே நடந்திருந்தால், இத்தனை காலத்தில் அந்தப் பதிவேடுகளில் தெரிந்திருக்கும்.

வளவன்:
கார்முகில் சார், கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: ஆன்டெனா எந்தத் திசையைப் பார்க்கும், மாடியில் எந்த இடத்துக்கு ஆள் போகக்கூடாது, வைத்த பிறகு அளந்து காட்டுவார்களா. 2012 முதல் இந்தியாவின் டவர் வரம்பு சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கு. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஓர் இடத்தில் படும் அலைச் சக்தி சதுர மீட்டருக்கு 0.45 வாட்டைத் தாண்டக்கூடாது. தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் கட்டணம் கட்டினால் அவர்களே வந்து அளந்து சொல்வார்கள்.

கார்முகில்:
இந்த மூன்றையும் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்கிறேன், வளவன். எதிர்வீட்டு மாடியில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது, அந்தத் திசையில் ஆன்டெனா வரக்கூடாது என்றும் சேர்த்து எழுதுவேன். ஆனால் மறு ஆய்வு முடிவு வரும்வரை என் ஓட்டு வேண்டாம் என்பதற்குத்தான்.