மகனுக்கு விடியற்காலையில் மட்டும் வீசிங் வருகிறது, காற்றுதான் காரணமா?

மழைத்துளி:
என் மகனுக்கு ஆறு வயது. குளிர்காலம் வந்தாலே விடியற்காலையில் வீசிங் வருகிறது, பதினோரு மணிக்கு மேல் தணிகிறது. மருத்துவர் இன்ஹேலர் கொடுத்திருக்கிறார். வீடு லாரி ஓயாத சாலையை ஒட்டி இருக்கிறது. எழுந்ததும் நல்ல காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிடுவேன். அது தப்பா? மாஸ்க் போட்டால் போதுமா?

வடிதாள்:
காற்றில் உள்ள நுண்துகளை அளப்பதுதான் என் வேலை. ஜன்னல் திறக்கும் நேரத்தை மாற்றுங்கள். இரவில் தரை குளிரும்போது அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்ட மாதிரி நிற்கும். லாரிப் புகை மேலே போக வழியில்லாமல் நம் மூக்கு மட்டத்திலேயே தேங்கும். வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் மூடி விலகும். பையனுக்குத் தணியும் நேரமும் அதுதானே? ஆனால் விடியற்காலையில் மூச்சுக்குழாய் இயல்பாகவே கொஞ்சம் சுருங்கும், பழி முழுவதும் காற்றின் மேல் இல்லை. இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்.

தினமும் ஒரு வெள்ளை வடிதாளை எடை போட்டுக் கருவிக்குள் வைப்பேன். 24 மணி நேரத்தில் 24 கன மீட்டர் காற்று அதன் வழியே போகும். மோசமான நாளில் வெளியே எடுத்தால் விளிம்பு மட்டும் வெள்ளை, நடுவட்டம் முழுக்கக் கரி. கூடியிருக்கும் எடை ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். இத்தனை வருடம் ஆகியும் அந்தக் கறுப்பைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. பிஎம் 2.5 என்கிற இந்தத் துகள் தலைமுடித் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கில் நிற்காமல் நுரையீரலின் அடிவரை போகும், மிக நுண்ணியது ரத்தத்திலும் கலக்கும். அதனால்தான் இதயமும் பாதிக்கப்படுகிறது. ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது. அதற்கு முன் 10 என்று இருந்தது.

துணி மாஸ்க் இதைச் சரியாகத் தடுக்காது. என்95 தடுக்கும், ஆனால் முகத்தில் இடைவெளியில்லாமல் படிய வேண்டும். சின்னக் குழந்தை முகத்தில் அது படிவது கஷ்டம்.

பழங்கணக்கு:
மாஸ்க்கை விடுங்கள், புகை கிளம்பும் இடத்தில் கை வைக்காமல் எதுவும் மாறாது. 1952 டிசம்பரில் லண்டனில் இதே மூடி ஐந்து நாள் விலகவில்லை. நிலக்கரிப் புகையில் 4,000 பேர் இறந்ததாக அப்போது சொன்னார்கள், பிந்தைய ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்து, வீட்டு அடுப்பில் எரிக்கும் எரிபொருளையே மாற்ற வைத்தது. அதே நாட்டில் மின்நிலையங்களுக்கு உயரமான புகைபோக்கி கட்டினார்கள், நிலக்கரிப் புகையில் இருந்த கந்தகம் கடல் தாண்டி ஸ்காண்டிநேவியாவில் அமில மழையாக விழுந்தது.

மழைத்துளி:
நன்றி. நேற்று மதியம்தான் ஜன்னலைத் திறந்தேன். கம்பியைத் துடைத்த ஈரத்துணி மையில் முக்கின மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு சந்தேகம், இரவில் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொசுவத்தி ஏற்றுகிறேன். பரவாயில்லையா?

வடிதாள்:
ஐயோ, முதலில் அதை நிறுத்துங்கள். மூடின அறையில் அதுவும் பிஎம் 2.5 புகைதான், அதுவும் குழந்தையின் தலைமாட்டிலேயே. இன்றைக்கே கொசுவலை கட்டிவிடுங்கள்.