ஊருக்குப் போன நேரத்தில் ஹீட் பம்ப் எவ்வளவு கரண்ட் இழுத்தது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஹரோவாசி (லண்டன்):

போன டிசம்பர் ஊருக்குப் போன நேரம் நடந்தது. இன்னும் மனம் ஆறவில்லை. காஸ் பொயிலரைக் கழற்றிவிட்டு, அரசு தருகிற 7,500 பவுண் மானியத்தோடு ஹீற் பம்ப் போட்ட முதல் குளிர்காலம். வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை மின்சாரத்தால் உள்ளே இழுத்து வீட்டையும் தண்ணியையும் சூடாக்குகிற இயந்திரம் அது. பூட்டித் தந்தவர் சொன்னது ஒரே வரி: "ஹொலிடே மோடைப் போட்டுவிட்டுப் போங்கள், பேருக்குத்தான் ஓடும்." போட்டோம், போனோம்.

கொக்குவிலில் கல்யாண வீடு. பந்தியில் இருக்கிறேன், வியர்த்துக் கொட்டுகிறது, பாயசம் வந்துகொண்டிருக்கிறது. சும்மா மின்சார ஆப்பைத் திறந்தால், முதல்நாள் விடியப்புறம் இரண்டு மணிக்கு லண்டன் வீடு மூன்று கிலோவாட் இழுத்திருக்கிறது. மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல்! முந்தின கிழமையும் அதே நாள், அதே நேரம். ஹீற் பம்ப் ஆப்பில் பார்த்தால் சுடுதண்ணித் தாங்கி 60 பாகைக்கு ஏறியிருக்கிறது. பூட்டின வீட்டில் யார் ஐயா குளிக்கிறது?

பக்கத்தில் இருந்த மாமா, "என்ன, வீட்டில கள்ளனோ?" என்றார். விளங்கப்படுத்தப் பார்த்தேன். "ஆளில்லாத வீட்டுக்கும் சூடு காட்டிறியளோ?" என்று கேட்டுவிட்டு அவர் பாயசத்துக்குத் திரும்பிவிட்டார்.

விஷயம் என்னவென்றால், லெஜியோனெல்லா கிருமி வராமல் இருக்கக் கிழமைக்கு ஒருக்கால் தாங்கியை 60க்கு ஏற்றுகிற வேலை. ஹொலிடே மோட் அன்றாடச் சுடுதண்ணியை நிறுத்தியதே தவிர இதை நிறுத்தவில்லை. தாங்கி ஆறிப்போய்க் கிடந்ததால் 210 லீற்றரையும் அடியிலிருந்து இம்மேர்ஷன் கம்பியே, அதாவது தாங்கிக்குள் இருக்கிற மின்சூட்டுக் கம்பியே, ஏற்றியிருக்கிறது. 15இலிருந்து 60க்குப் போக 11 யூனிட். கம்பிக்கு ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் சூடுதான். அதே வேலையைப் பம்ப் செய்தால் மூன்று மடங்கு வரும். அதற்குத்தானே இவ்வளவு காசு கொட்டினோம்?

தாம்பரம்_டு_ரெடிங்:

11 யூனிட், 26 பென்ஸ் வைத்தாலும் மூன்று பவுண்டு வரவில்லை. அதற்கா பாயசத்தை விட்டீர்கள் அண்ணா? உங்கள் பில்லில் பெரிய தொகை வீட்டைச் சூடாக வைத்ததற்குத்தான் இருக்கும், அந்த வரியைப் பாருங்கள்.

என் கதை வேறு. நாங்கள் சென்னை போனபோது வீட்டுச் சாவி மச்சான் கையில். "ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கு ஹீட்டிங்" என்று வெளிச்சுவரில் இருக்கிற ஐசொலேட்டரையே, அதாவது பம்பின் மெயின் சுவிட்சையே, அணைத்துவிட்டான். நல்ல எண்ணம்தான். அந்த வாரம் ராத்திரி மைனஸ் ஆறு. எங்களுடையது மோனோபிளாக், அதாவது ரேடியேட்டர் தண்ணீர் வெளியே இருக்கிற பெட்டிக்குள்ளேயே போய் வரும். கரண்ட் இருந்தால், உறையப் போகிறது என்று தெரிந்ததும் அதுவே தண்ணீரைச் சுழற்றிக் காப்பாற்றிக்கொள்ளும். கரண்டே இல்லை என்றால்?

திரும்பி வந்து காரை நிறுத்தினால் பெட்டிக்குக் கீழே, சைடு பாதை முழுக்க, கண்ணாடி மாதிரி ஐஸ். சூட்கேஸை விட்டுவிட்டு மனைவி கத்திய கத்தில் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. உள்ளே பிரஷர் மீட்டர் பூஜ்யம்.

நல்லவேளை, குழாயில் ஆன்டி ஃப்ரீஸ் வால்வு போட்டிருந்தார்கள். தண்ணீர் மூன்று டிகிரிக்கு வந்ததும் அது தானாகத் திறந்து எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிடும். அதுதான் அந்த ஐஸ். மெஷின் பிழைத்தது, தண்ணீர் மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. சிலர் வீட்டில் வால்வுக்குப் பதில், தண்ணீர் உறையாமல் இருக்கக் கிளைகால் என்கிற திரவம் கலந்திருப்பார்கள். இரண்டும் இல்லாத வீட்டில் இப்படி அணைத்தால் உள்ளே இருக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சர் வெடித்திருக்கும். மச்சான் இன்றைக்கும் "எத்தனை யூனிட் மிச்சம் பிடிச்சேன் பாத்தியா" என்கிறான்.

ஒஸ்லோ_அக்கா:

மைனஸ் ஆறுக்கே இவ்வளவு கதையா தம்பி? சரி, இங்கே ஹீற் பம்ப் உள்ள பெரும்பாலான வீடுகளில் சுவரில் மாட்டி நேரே சூடான காற்று விடுகிற வகைதான், உங்களைப் போல் தண்ணீர்ச் சுற்று இல்லை. வெளியூர் போகும்போது 10 பாகையில் பிடித்து வைக்க ஒரு பொத்தான் இருக்கும். அதைப் போட்டுவிட்டுத்தான் யாழ்ப்பாணம் போனோம். மீன் தொட்டிக்குத் தனி ஹீற்றர் இருக்கிறது, தீனி போட மட்டும் பக்கத்து வீட்டுப் பொடியனிடம் சாவி கொடுத்தோம். மின்சார ஆப்பில் பார்த்தால் ஒவ்வொரு நாளும் பின்னேரம் மூன்று மணிக்குக் கோடு ஏறுகிறது, ஏழு மணிக்கு இறங்குகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்து 28 பாகை போட்டு, எங்கள் பெரிய ரிவியில் கேம் விளையாடியிருக்கிறான்! தாயிடம் போன் போட்டுக் கேட்டால், "மீன்கள் தனியாக இருக்கின்றன, பாவம் என்று சொல்லிவிட்டுப் போகிறான்" என்கிறாள்.

அது போகட்டும். ஒருவரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இங்கே விலை இப்போது பெரிய தலையிடி இல்லை. 2025 அக்டோபரில் இருந்து நோர்கெஸ்பிரிஸ் என்கிற அரசின் நிலையான விலைத் திட்டத்தை எடுத்தவர்களுக்கு யூனிட் 40 ஓரே (100 ஓரே ஒரு குரோனர்), வரியோடு 50. தலையிடி மின் வலையமைப்புக் கட்டணம். 2022 ஜூலையில் இருந்து மாதத்தில் மூன்று வெவ்வேறு நாட்களில் மின்சாரம் ஆகக் கூட இழுத்த மணித்தியாலங்களை எடுத்து, அந்தச் சராசரியை வைத்துத்தான் மாதக் கட்டணத்தின் படியை முடிவு செய்கிறார்கள். விமான நிலையத்தில் இருந்து வந்ததும் எல்லாரும் என்ன செய்கிறோம்? பம்பைக் கூட்டுகிறோம், சுவர் ஹீற்றர் மூன்றையும் போடுகிறோம், சுடுதண்ணித் தாங்கியைப் போடுகிறோம், காரை சார்ஜில் குத்துகிறோம். எல்லாம் ஒரே மணித்தியாலத்தில். ஒரு நாள் செய்தால் பெரிதாக ஏறாது. அடுத்த நாள் உடுப்புத் தோய்க்கவும் காயப்போடவும் தொடங்கினால் ஏறும். ஆகவே கார் நடுச்சாமத்துக்குப் பிறகு, தாங்கி அதற்கும் பிறகு. நீண்ட நாள் போனால் தாங்கியை அணைத்துவிட்டே போகலாம், சும்மா நிற்பதற்கே அது நாளுக்கு இரண்டு யூனிட் தின்னும். ஆனால் திரும்பி வந்ததும் முழுச் சூட்டுக்கு ஏறவிட்ட பிறகுதான் குளிக்க வேண்டும். வெளிப்பெட்டிக்கு மேல் கூரையில் இருந்து பனி விழாதபடி பாருங்கள். முக்கியமாக வீட்டுக்கு வரும் தண்ணீரின் பிரதான குழாயை மூடிவிட்டுப் போங்கள். ஹரோத் தம்பி, நீங்கள் மூடினீர்களா?

மார்க்கம்காரன் (ஒன்ராறியோ):

அக்கா, 10 பாகை எல்லாம் இங்கே எழுதாதீர்கள், யாராவது செய்துவிடுவார்கள். கனடாவில் சுவருக்குள்ளே குழாய் போகிற மர வீடுகள். வெளியே மைனஸ் 25 என்றால் கூடத்தில் 10 இருக்கும், குசினிச் சிங்குக்குப் பின்னால் உறைந்திருக்கும். காப்புறுதிப் பத்திரத்தையும் வாசியுங்கள். குளிர்காலத்தில் வீட்டை விட்டுப் போனால் ஒருவர் வந்து பார்த்துப் போக வேண்டும் என்று பலதில் இருக்கும். அப்படிப் பார்க்காவிட்டால் குழாய் வெடித்த நட்டத்துக்குக் காசு தரமாட்டார்கள்.

எங்களுக்கு நடந்தது டோஹாவில், ஊரிலிருந்து திரும்புகிற வழியில் விமானம் மாறுகிற இடத்தில். வீடு 15இல் கிடந்தது. குழந்தைக்குக் குளிரும் என்று மனைவி போனிலேயே ஒரே தட்டில் 22 ஆக்கிவிட்டார். ஏழு பாகை இடைவெளியைக் கண்டதும் தெர்மோஸ்டாட் பம்பை நம்பாமல் துணைக் கம்பியையும் கூப்பிட்டது. 10 கிலோவாட். திரையில் செம்மஞ்சளில் "ஆக்ஸ்", அதாவது துணைச் சூடு, என்று எரிகிறது. கையில் போன் இருக்கிறது, நிறுத்தலாம், "நிறுத்தினால் நீங்கள் குழந்தையை வைத்திருங்கள்" என்கிறார். மார்க்கத்தில் அப்போது வார நாள் காலை ஏழரை. இங்கே குளிர்காலத்தில் காலை ஏழில் இருந்து பதினொன்று வரை விலை உச்சம். விமானம் ஏறுகிறவரை அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு பாகை வீதம் ஏற்றியிருந்தால் பம்ப் தனியாகவே முடித்திருக்கும். அதை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

சோலையூரான் (மெல்பேர்ண்):

இங்கே ஹீட் பம்ப் சுடுதண்ணிக்கு மட்டும். கூரையில் சோலார். மதியத்தில் ஓடட்டும் என்று விட்டுவிட்டுப் போனோம். நாளுக்கு ஒரு யூனிட் கூட இல்லை. உங்கள் கதைகளைப் படிக்கப் படிக்கக் குளிருகிறது.

தாம்பரம்_டு_ரெடிங்:

மார்க்கம் அண்ணன் சொன்னது மைனஸ் 25க்குச் சரி. லண்டனுக்கு அப்படியே எடுக்க வேண்டாம். கணக்கு எளிது: வீட்டிலிருந்து போகிற சூடு உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கிற வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே 5, உள்ளே 20 என்றால் வித்தியாசம் 15. உள்ளே 15 ஆக்கினால் வித்தியாசம் 10, மூன்றில் ஒரு பங்கு மிச்சம். 12 ஆக்கினால் பாதிக்குக் கொஞ்சம் மேலேயே மிச்சம், ஆனால் ஈரச் சுவர் இருக்கிற பழைய வீட்டில் பூஞ்சை பிடிக்கும். "பேருக்குத்தான் ஓடும்" என்று சொன்ன ஆள் இந்த ஒரு கணக்கைச் சொல்லியிருந்தால் போதும். மூன்று பவுண்டுக்கு யாரும் அழமாட்டார்கள்.

ஹரோவாசி:

தம்பி, நீங்கள் சொன்ன வரியையும் பார்த்தேன். ஹொலிடே மோட் 15இல் பிடித்திருந்தும் குளிர் கூடின நாட்களில் 17, 18 யூனிட் போயிருக்கிறது. அது வீடு உறையாமல் இருக்கப் போன காசு, ஏற்றுக்கொள்ளலாம். கம்பிக்குப் போனதைத்தான் ஏற்க முடியவில்லை. மூன்று பவுண் என்று நீங்கள் சொல்லச் சொல்லக் கோபம் கூடுகிறது.

அந்த அமைப்பை மாற்றப் போனால் மெனு பூட்டியிருக்கிறது, பொருத்துபவரின் இரகசிய எண் கேட்கிறது. பூட்டித் தந்தவர் போன் எடுப்பதில்லை. வேறொருவரைக் கூப்பிட்டோம். பம்ப் முதலில் 50 வரை ஏற்றும், மிச்சம் 10 பாகைக்கு மட்டும் கம்பி என்று மாற்றித் தந்தார். 11 யூனிட் இப்போது ஐந்தரைக்கு வந்துவிட்டது.

அக்கா, தண்ணீர்க் குழாய் மூடித்தான் இருந்தது.

தாம்பரம்_டு_ரெடிங்:

அப்போ வாரம் ஒன்றரைப் பவுண்டு மிச்சம். அந்த ஆள் வந்து போக எவ்வளவு வாங்கினார்?

ஹரோவாசி:

90 பவுண். வற் வேறு.