தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் பழைய வலை சேகரிக்க ஓர் இடம்: கரையில் நிகழ்ச்சி நடத்தினால் அதிகாரிகள் அசைவார்களா?

கரைமடி (கேள்வி):
எங்கள் இளைஞர் மன்றம் ஜூன் 8, உலகப் பெருங்கடல் தினத்தன்று குமரி மாவட்டத்தில் நீரோடிக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் இடையில் ஒரு நிகழ்ச்சி நடத்த நினைக்கிறது. கரையில் ஒதுங்கும் வலை, கயிறு, பிளாஸ்டிக்கைப் பொறுக்கிக் குவித்து, கலெக்டர், எம்.எல்.ஏ., மீன்வளத் துறை அதிகாரிகளை அழைத்துக் காட்டலாம் என்று திட்டம். துறைமுகத்திலேயே கிழிந்த வலையை வாங்கி வைக்க நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும், அதுதான் கோரிக்கை. வந்து போட்டோ எடுத்துவிட்டுப் போவதோடு முடியாமல் இருக்க எப்படி ஏற்பாடு செய்வது? தேதி சரிதானா?

குழித்துறையாறு:
தேதியை மாற்றுங்கள். நம் மேற்குக் கரைக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆட்கள் ஊரில் இருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது தென்மேற்குப் பருவமழை வலுக்கிற நேரம். கடல் வீட்டு வாசல்வரை ஏறும் ஊர்களில் பந்தல் போட மணலே மிஞ்சாது. வருகிற அதிகாரியிடம் சனம் தூண்டில் வளைவை (அலையைத் தடுக்கக் கடலுக்குள் போடும் கல் சுவரை) பற்றித்தான் கேட்கும், கேட்கவும் வேண்டும். வீடு போகிற பயத்துக்கு முன்னால் உங்கள் வலைக் கோரிக்கை அடிபட்டுப் போகும்.

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை, பன்னாட்டுக் கடற்கரைத் தூய்மை நாள், உங்களுக்குத் தோதானது. கடல் ஓரளவு அடங்கியிருக்கும், வடகிழக்கு மழை பிடித்திருக்காது. அடுத்த இரண்டரை வாரத்துக்குள் அக்டோபர் 2 கிராமசபை வருகிறது, அங்கே தீர்மானம் போட்டுவிடலாம். (கிராமசபை ஊராட்சிகளுக்குத்தான். உங்கள் கரை கொல்லங்கோடு நகராட்சிக்குள் வந்தால் கவுன்சிலர் வழியாக நகர்மன்றத் தீர்மானம் வாங்க வேண்டும்.) மாநில பட்ஜெட் வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் வரும். துறைகள் தங்கள் தேவைப் பட்டியலை அதற்குச் சில மாதம் முன்பே எழுதத் தொடங்கும். ஜூனில் கொடுக்கும் மனு, பட்ஜெட் முடிந்த பிறகு போய்ச் சேரும் மனு. தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கிற மாதங்களையும் தவிர்த்துவிடுங்கள். அப்போது யாரும் எதையும் அறிவிக்க முடியாது.

இன்னொன்று, கரையில் நடப்பது சாட்சிக்குத்தான். முடிவு நாகர்கோவிலில், கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் எடுக்கப்படும். துறை அதிகாரிகள் மொத்தமாக உட்காருவது அங்கேதான். கரை நிகழ்ச்சி முடிந்ததும் வருகிற முதல் குறைதீர் கூட்டத்தை இப்போதே குறித்து வையுங்கள்.

தங்கூசி:
தேதியை விட முக்கியம் அளவு. எண் இல்லாமல் குவியலை மட்டும் காட்டினால் துப்புரவுப் பணியாளரை அனுப்பி அள்ளச் சொல்வார்கள், கோரிக்கை அன்றோடு தீர்ந்தது.

ஒரே இடத்தில் 100 மீட்டர் நீளத்தை அளந்து, இரு முனையையும் அசையாத அடையாளத்தால் குறியுங்கள் (சிலுவை வைத்த குருசடி, மின்கம்பம்). நீர் விளிம்பிலிருந்து மேட்டு மணல் முடியும் வரை அந்த 100 மீட்டருக்குள் கிடப்பது மட்டும்தான் கணக்கு. செப்டம்பருக்கு முன்பே மாதம் ஒருமுறை இதே துண்டில் எடுங்கள், கடல் சீற்ற எச்சரிக்கை இருக்கிற நாளில் இறங்க வேண்டாம். ஒருநாள் எடுத்த எண்ணை "அன்றைக்கு மட்டும் அதிகம்" என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடலாம். நான்கு மாத எண்ணை அப்படித் தள்ள முடியாது.

எடையில்தான் அதிகம் பேர் கோட்டை விடுவார்கள். ஈர வலையில் ஒவ்வொரு முடிச்சுக்குள்ளும் மணல் அடைந்திருக்கும். அப்படியே தராசில் தொங்கவிட்டால் பாதிக்கு மேல் மணலும் தண்ணீரும்தான். தார்ப்பாயில் இரண்டு நாள் காயப்போட்டு, உதறி, பிறகு 50 கிலோ தொங்கு தராசில் நிறுங்கள். சாக்கின் எடையைக் கழியுங்கள். கொட்டலசு (ஓடுள்ள சின்னக் கடலுயிர்) ஒட்டிய வலையைத் தனியாக எழுதுங்கள். தங்கூசி வலை (ஒற்றை இழை நைலான்), நைலான் நூல்வலை, இழுவலைத் துண்டு, கயிறு, மிதவை, பாட்டில், மற்றவை என்று ஏழு பத்தி போதும். தடித்த கையுறையும் குறடும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள், நம் பக்கத்து வலைச் சுருளில் ஆயிரங்கால் தூண்டில் (ஒரே நீளக் கயிற்றில் நிறைய முள் கட்டியது) முள் சிக்கிக் கிடக்கும். மணலில் ஆழப் புதைந்த வலையை இழுக்காமல், தெரிகிற இடத்தில் வெட்டி எடுங்கள். அலைதடுப்புக் கற்களின் இடுக்கில் சிக்கியதை விட்டுவிடுங்கள்.

நிகழ்ச்சியில் ஒரு வாளி கடல்தண்ணீர் வைத்து இதைச் செய்து காட்டுங்கள். இழுவலைத் துண்டு ஒன்று, தங்கூசித் துண்டு ஒன்று, இரண்டையும் சுத்தமாகக் கழுவி, காற்றுக் குமிழி போக விரலால் அமுக்கி உள்ளே விடுங்கள். இழுவலையின் பாலிஎத்திலீன் மிதக்கும், தங்கூசியின் நைலான் அடியில் போய் உட்காரும். கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025, நைலான் 1.14, பாலிஎத்திலீன் 0.95. அதாவது தொலைந்த தங்கூசி வலையில் பெரும்பகுதி கரைக்கு வருவதே இல்லை. கடலடிப் பாறைத்திட்டான பாரில் சிக்கி, மீனையும் நண்டையும் பிடித்துக்கொண்டே கிடக்கும். கரையில் நிறுத்த எடை குறைவாக வந்தால், "இவ்வளவுதானே" என்று கேட்பவருக்கு அந்த வாளிதான் பதில்.

பாறசாலை:
எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்துப் பொழியூரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும், குளிர்காலத்தில் திரும்பி வடக்கு நோக்கி ஓடும். ஆகையால் பொழியூர்க் குப்பை நீரோடிக்கும், நீரோடிக் குப்பை பொழியூருக்கும் போய்க்கொண்டேதான் இருக்கும். பொழியூர் அடங்கிய குளத்தூர் கிராம பஞ்சாயத்துத் தலைவரையும் மேடையில் உட்கார வையுங்கள். "அது கேரளாக்காரன் குப்பை" என்ற பேச்சு அதோடு அடங்கும்.

கேரளத்தில் ஏற்கெனவே செய்து பார்த்த மாதிரி ஒன்று கைவசம் உண்டு. 2017-இல் கொல்லம் நீண்டகரையில் சுசித்வ சாகரம் திட்டம் தொடங்கியது. வலையில் ஏறும் பிளாஸ்டிக்கைப் படகுக்காரர்கள் கடலிலேயே திரும்பப் போடாமல் பையில் கட்டிக் கொண்டுவருவார்கள். துறைமுகத்தில் அதைக் கழுவி, பிரித்து, பொடியாக்கி, சாலைத் தாரில் கலப்பதற்குக் கொடுத்தார்கள். பக்கத்து மாநிலத்தில் மீன்வளத் துறையே முன்னின்று செய்தது என்று காட்டினால் "புதுசா இருக்கே, பார்க்கலாம்" என்று தள்ளிப்போட முடியாது.

தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் போட்டுகள் பல கொச்சியில்தான் கரை பிடிக்கின்றன. அந்தக் கழிவு தேங்காப்பட்டணத்துக்கு வராது என்பதையும் மனுவில் நேர்மையாக எழுதுங்கள். இல்லாவிட்டால் "போட்டே இங்கே வராதபோது இடம் எதற்கு" என்று ஒரு கேள்வியில் மடக்குவார்கள். உள்ளூர் வள்ளங்களின் எண்ணிக்கையை வைத்து வாதாடுங்கள்.

கரைமடி:
நன்றி அண்ணன்மாரே, செப்டம்பருக்கே மாற்றுகிறோம். எம்.எல்.ஏ. தரப்பில் தொகுதி நிதியிலிருந்து ஷெட் கட்டித் தரலாம் என்று பேச்சு. அதையே கேட்டு வாங்கிவிட்டால் போதுமா?

குழித்துறையாறு:
போதாது. சட்டமன்றத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் கட்டடம் கட்டலாம், ஆள் சம்பளம் கொடுக்க முடியாது. வலையை வாங்கி, நிறுத்து, பதிவேட்டில் எழுத ஆள் இல்லாத ஷெட் ஆறு மாதத்தில் பனிப்பெட்டி அடுக்கும் இடமாகிவிடும். அதனால் கோரிக்கையை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரியவரின் பதவிப் பெயரை எழுதுங்கள். துறைமுக வளாகத்தில் இடம் ஒதுக்குவது மீன்வளத் துறை. கூரையும் மேடான சிமெண்ட் தரையும் தொகுதி நிதி. சேர்ந்த கழிவை அள்ளிப் போகும் வண்டியும் ஆளும் உள்ளாட்சி. பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016, சேகரிப்புப் பொறுப்பை உள்ளாட்சியின் தலையில்தான் வைக்கிறது, அந்த வரியை மனுவில் சேருங்கள். இடம் டீசல் பங்குக்குப் பக்கத்தில் வேண்டாம், காய்ந்த வலை தீப்பிடித்தால் அணைப்பது பெரும்பாடு. நைலானைத் தனியாகப் பிரித்து வைத்தால் ஆக்கர்கடைக்காரர் (பழைய பொருள் வாங்குபவர்) எடுப்பார், கலந்து கிடந்தால் தொடமாட்டார். ஆள்கூலியில் ஒரு பகுதி அதிலேயே வரும்.

மேடையில் பேச்சைக் குறையுங்கள். முதலில் வாளி, பிறகு தராசு, பிறகு வள்ளக்காரர் ஒருவர், வலை பின்னும் பெண் ஒருவர், கடைசியில் விருந்தினர். விருந்தினர் பேசுவதற்கு முன்பே மனு அவர் கையில் இருக்க வேண்டும், ஒரே பக்கம். பங்குத்தந்தையின் கையெழுத்தும் படகு உரிமையாளர் சங்கத்தின் கையெழுத்தும் கீழே இருக்கட்டும். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். பந்தல் கால்களுக்கு முளை அடித்தால் மணலில் நிற்காது, மணல் மூட்டை கட்டுங்கள்.

குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும்போது மனு எண்ணோடு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு, 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: மனு இப்போது எந்தப் பிரிவில், யாருடைய மேசையில், கோப்பில் என்ன குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. 30 நாளில் எழுத்தில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலின் நகலை எடுத்துக்கொண்டு அடுத்த குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள்.